பத்திரம் பதியாத மாதங்கள்

மனைத் தரகு மாதச் சம்பளம் தரும் தொழில் அன்று. பத்திரம் பதிவானால் தரகு கிடைக்கும். பதிவாகாவிட்டால் அலைந்த பெட்ரோல் செலவுகூட நம் கையைச் சார்ந்ததே. கூடுவாஞ்சேரிப் பகுதியில் இத்தொழிலைச் செய்துவரும் என்னிடம், சந்தை மந்தமான காலத்தில் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று இத்தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞர்கள் சிலர் அண்மையில் கேட்டனர். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அப்போது என் கையில் இருந்த மனைகளுள் பெரும்பாலானவை அத்தகையவையே. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 8 இரவில், 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. முன்பணம் கொடுத்திருந்தவர்களும் பின்வாங்கினர். அடுத்த ஆண்டு மே மாதம் ரெரா சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஜூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைந்தது. ஆனால் பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்ந்தது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காட்டையும் சேர்த்தால், வாங்குபவர் 11 விழுக்காடு கட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தக்க காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த அந்தக் காலத்தில், எட்டு மாதங்கள் என் வழியாக ஒரு பத்திரமும் பதிவாகவில்லை.

அந்த எட்டாவது மாதத்தில்தான் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. அங்கீகாரமுள்ள இடம், பட்டா தெளிவு, வில்லங்கச் சான்றிலும் குறையில்லை. விலை 60 லட்சம். இரு தரப்பிலும் ஒரு விழுக்காடு என்றால் எனக்கு 1,20,000 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் நெருங்கியிருந்தது. வாங்க வந்தவர் வளைகுடாவில் உழைத்துச் சேமித்த பணத்தோடு ஊர் திரும்பியவர்.

தாய்ப்பத்திரம் காலஞ்சென்ற தந்தையின் பெயரில் இருந்தது. பட்டாவில் தாயும் இரு மகன்களும் மட்டுமே இருந்தனர். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். யார் யார் வாரிசு என்று அது சொல்லாது. ஆகவே, உடன்பிறந்தோர் வேறு எவரேனும் உண்டா என்று கேட்டேன். மூத்தவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி ஒருத்தி இருக்கா பாய். கல்யாணத்துலயே அவளுக்கு எல்லாம் செஞ்சாச்சு. அவ கேக்க மாட்டா.”

இந்தச் சொற்களை நம் குடும்பங்களில் கேட்காதவர் குறைவு. ஆனால் திருமணத்தில் செய்த செலவு வாரிசுரிமையைத் தீர்த்துவிடாது. மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் என விட்டுச் சென்றவரின் சொத்தை 40 பங்காக்கினால், மனைவிக்கு 5, ஒவ்வொரு மகனுக்கும் 14, மகளுக்கு 7. அந்த 7 பங்கை அவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். அதற்கு அவரே வந்து விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். அல்லது விற்பவர்களுள் ஒருவராகச் சேர்ந்து தம் பங்கைப் பெற வேண்டும். “தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க, மறுநாளே பத்திரம் போட்டுடலாம்” என்றேன். அவர் கோபத்தோடு எழுந்து சென்றார். வாங்க வந்தவரிடமும் காரணத்தைச் சொல்லி அனுப்பினேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் காசுல ஃபீஸ் கட்டுனா பிள்ளை படிப்புல பரக்கத் இருக்குமா?” என்று மட்டும் கேட்டார். நகையை அடகு வைத்து வட்டி கட்ட இருவருக்கும் மனமில்லை. அவருடைய வளையல் ஒன்றை விற்றுக் கட்டணம் செலுத்தினோம்.

இதைச் சொல்வது, உடனே நற்பலன் கிடைத்தது என்று காட்ட அன்று. அதன் பிறகும் பல மாதங்கள் கடினமாகவே கழிந்தன. ஆனால் என் தொழில் எது என்பது அன்று எனக்குத் தெளிவாயிற்று. விலை ஏறும் காலத்தில் தரகர் இடத்தைக் காட்டினால் போதும். அவசரத்தில் வாங்குவோர் ஆவணத்தைப் பார்ப்பதில்லை. விலை இறங்கிய காலத்தில் வாங்குபவர் அஞ்சுகிறார். பத்து முறை கேட்கிறார். அந்த அச்சத்துக்கு நேர்மையான விடை தருபவரே அப்போது தேவைப்படுகிறார்.

வேலையும் முற்றிலும் நின்றுவிடவில்லை, வடிவம் மாறியிருந்தது. 2017 மே மாதம், அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகளை அரசு வெளியிட்டது. அந்த விண்ணப்ப முறையை நான் கற்றுக்கொண்டேன். எந்தத் தடை என் வருமானத்தை நிறுத்தியதோ, அதே தடையில் சிக்கிய மனைக்காரர்கள் என்னிடம் வந்தனர். பட்டா மாற்றம், பாகப்பிரிவினைக்கான ஆவணங்களைத் திரட்டுதல், வாடகை வீடு பார்த்துக் கொடுத்தல் எனச் சிறு வேலைகள் அடுப்பை அணையாமல் காத்தன. ஒன்றரை ஆண்டு கழித்து, அந்த வளைகுடா நண்பர் என் வழியாகவே ஒரு மனை வாங்கினார்; உறவினர் இருவரையும் அனுப்பிவைத்தார். அல்ஹம்துலில்லாஹ்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளையும் பற்றியது என்பதை நாம் அறிவோம். ஆவணங்களோடு வாழும் எனக்கு அது தொழிலின் மதிப்பை உணர்த்துகிறது. யூசுஃப் நபி அவர்களின் வரலாறும் அவ்வாறே. பஞ்சம் வராது என்று அவர்கள் ஆறுதல் கூறவில்லை. செழிப்பான ஏழு ஆண்டுகளில் சேமித்து, வறண்ட ஏழு ஆண்டுகளைக் கடக்க வழி சொன்னார்கள். அன்று முதல், கிடைக்கும் ஒவ்வொரு தரகிலும் நான்கில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துவருகிறோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து தொழில் மீண்டும் நின்றபோது, விற்பதற்கு வளையலைத் தேட வேண்டிய நிலை வரவில்லை.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்கு உயர்ந்தது. பதிவுக் கட்டணம் 2 விழுக்காடாகக் குறைந்தது. நாளை வேறொன்று வரலாம். ஆகவே, விலை எப்போது ஏறும் என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் நாள் குறித்துச் சொல்வதில்லை. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். சந்தை அதற்கு ஒரு வாசல் மட்டுமே. வியாபாரம் இல்லாத இந்த மாதத்தில் பத்துத் தாய்ப்பத்திரங்களை முழுமையாகப் படியுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று நடைமுறையைப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் நலம் விசாரியுங்கள். எந்தச் சொத்து வந்தாலும், வீட்டில் பெண் மக்கள் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள்.