கீழிமை

அமாவாசைக்கு மறுநாள் காலையில் மேல்மலையனூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் முகமே வேறு மாதிரி இருக்கும். முந்தின இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். விடிய விடிய பஸ் வந்தபடி இருக்கும். பூக்கடை, தேங்காய்க் கடை, எலுமிச்சம்பழக் கூடை, டீக்கடை என்று எத்தனையோ குடும்பங்கள் அன்று தூங்குவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளும்தான்.

தூக்கக் கலக்கம் எது, ரத்தக் குறைவு எது என்று பிரித்துப் பார்க்க நான் பழகியது அந்தக் காலைகளில்தான். கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு வந்த புதிது. தூங்காத பிள்ளையின் கண் சிவந்திருக்கும். கீழிமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்தால் உள்ளேயும் சிவப்பு தெரியும். ரத்தம் குறைந்த பிள்ளையின் இமைக்குள் கழுவின அரிசி போல வெளுத்திருக்கும். நாக்கும் உள்ளங்கை ரேகையும் அதையே சொல்லும். ஆனால் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. விரலில் குத்திப் பார்த்தே ஆகவேண்டும்.

அதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. விரலின் நடுவில் குத்தினால் வலி அதிகம், பக்கவாட்டில் குத்தவேண்டும். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் ஊசி. முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். அடுத்த சொட்டு தானாகத் திரண்டு வரக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். நான் படித்தபோது சாலி முறை. கண்ணாடிக் குழாயில் அமிலம் விட்டு, ரத்தம் கலந்து, பழுப்பு நிறம் ஒத்துவரும்வரை தண்ணீர் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இப்போது கையடக்கக் கருவி ஹீமோகுளோபின் எண்ணைக் காட்டிவிடுகிறது. 12 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைக்கு 12 இருக்கவேண்டும். 8-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே தீரவேண்டும்.

இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ரத்தசோகை தன் சொந்தப் பெயரில் நம்மிடம் வருவதில்லை. வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர், வகுப்பில் 'படிப்பு ஏறல', தெருவில் 'காத்து பட்டிருக்கு'. அந்தப் பிள்ளையைக் கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல மேடம்" என்பாள். பொய்யில்லை. களைப்பில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தால்தானே சொல்லுவாள்! 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. அம்மா, அத்தை, அக்கா எல்லோருமே அப்படி இருக்கும் வீட்டில் இவள் யாரைப் பார்த்துத் தன் களைப்பை வித்தியாசமாக நினைப்பாள்?

அதனால் நான் "களைப்பா இருக்கா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். செஞ்சிக்கோட்டைக்குச் சுற்றுலா போய்வந்த டீச்சரிடம், ராஜகிரிப் படியில் யார் யார் பாதியில் உட்கார்ந்தார்கள் என்று கேட்பேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பு மாற்றாமல் வீடு கொண்டுபோகிறாளா என்று பாட்டியிடம் கேட்பேன். சாக்பீஸ், பச்சை அரிசி தின்கிறாளா என்று பக்கத்தில் உட்காருபவளிடம் கேட்பேன்.

ஒருமுறை ஒரு பள்ளியில் ஜன்னலுக்கு வெளியே, புங்கமரத்தடியில் நீல மாத்திரைகள் கிடந்தன. வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு. மழையில் ஊறி நீலச்சாயம் மண்ணில் இறங்கியிருந்தது. எண்ணினேன், முப்பதுக்கு மேல். திட்டத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். மெல்ல மெல்லச் சொன்னார்கள். குமட்டுது. வெளிக்குப் போனா கருப்பா போவுது. குழந்தை பொறக்காதாம், ஒரு அக்கா சொன்னாங்க.

கருப்பாகப் போவது உடம்பு எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இரும்பு, பயப்பட ஒன்றுமில்லை. பிற்காலத்தில் பிரசவத்தில் உயிரைக் காப்பதே இந்த ரத்தம்தான் என்றேன். குமட்டலுக்கு மட்டும் பதில் அவர்களிடமே இருந்தது. "காலையில என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பாதிப்பேர் வெறும் டீ, சிலர் அதுவும் இல்லை. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்க, பாட்டியோடு இருக்கும் பிள்ளைகள் சிலர். டவுன்பஸ்ஸைத் தவறவிட்டால் பள்ளிக்கூடமே இல்லை என்பதால் அடுப்பு பற்றுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள்.

2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். வயதுக்கு வந்து, மாதாமாதம் ரத்தம் இழந்து, உயரமும் கூடுகிற நேரத்தில், பதினோராம் வகுப்புக்குள் நுழைகிறவளுக்குப் பள்ளியில் ஒரு வாய்ச் சோறு கிடையாது. இது எனக்குத் தீராத வருத்தம். எந்த மேடையில் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

புங்கமரத்தடியில் மாத்திரைகளைக் கண்ட அன்றிலிருந்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுக்கச் சொல்லி, முதல் மாத்திரையை நானே அவர்கள் முன்னால் விழுங்கினேன். விழுங்கியபின் இரண்டு மணிநேரம் டீ கூடாது, டீ இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். எலுமிச்சம்பழம் நேர்மாறு, இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும். எலுமிச்சைக்கு இந்த ஊரில் பஞ்சமா? முருங்கைக்கீரை வதக்கலில் அரைமூடி பிழிந்துகொள்ளச் சொன்னேன். மல்லாட்டை எனும் வேர்க்கடலையும் வெல்லமும் இடித்த உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். வருடத்துக்கு இரண்டு தரம் பூச்சி மாத்திரை, வயலுக்குப் போனால் காலில் செருப்பு. இவ்வளவுதான் என் மருந்துச் சீட்டு.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. அடிக்கடி மயங்கி விழுந்தாள், கண் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும். காத்து சேர்ந்துவிட்டது என்று அவள் அம்மா அமாவாசைதோறும் கோயிலுக்கு அழைத்துப் போனார்.

"மூணு அமாவாசை வாரேன்னு வேண்டியிருக்கேன் நர்சம்மா. ரெண்டு முடிஞ்சிது."

"மூணாவதுக்கும் போய்ட்டு வாக்கா. அதுக்குள்ள பாப்பா விரலை ஒரு தரம் எங்கிட்ட குடு."

இளம்வயதில் நான் இப்படிப் பேசமாட்டேன். கோயிலா, ஆஸ்பத்திரியா என்று வழக்காடுவேன். அப்படி வழக்காடித் தோற்ற வீடுகளில் திரும்பக் கதவு திறக்கவேயில்லை.

இரண்டாவது சொட்டை எடுத்தேன். 6.4.

அம்மாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"தீட்டு எத்தனை நாள் இருக்கும் பாப்பா?"

"பத்து, பன்னெண்டு நாள்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எல்லாருக்கும் அப்டித்தான்னு நெனச்சேன்."

மறுநாளே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். ரத்தம் ஏற்றினார்கள், உதிரப்போக்குக்கு மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது அமாவாசைக்கும் அவர்கள் கோயிலுக்குப் போய்வந்தார்கள்.

நாலு மாதம் கழித்து எண் 11.2. "இப்பல்லாம் சும்மா சும்மா பசிக்குது நர்சம்மா," என்று அவள் குறையாகச் சொன்னாள். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பின்னால் ஒளிந்திருந்த சின்னவளை முன்னால் இழுத்து நிறுத்தி, தன் கட்டைவிரலால் அவள் கீழிமையை இழுத்துப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இதையும் கொஞ்சம் பாரு. எனக்கு வெளுப்பாத்தான் தெரியுது."