செம்பிக்கு வந்த நோய்

நாய்க்குமா புற்றுநோய் வரும் என்று கேட்டுச் சிரிப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவள்தான். சிரித்ததால் இரண்டு மாதத்தை வீணாக்கியவள். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். செம்பி எங்கள் வீட்டுப் பொட்டை நாய். விடியற்காலையில் நான் பால் வெட்டப் போகும்போது நிரை வரைக்கும் முன்னால் ஓடும். பாம்பு கிடந்தால் நின்று குரைத்து என்னை நிறுத்திவிடும். எத்தனை முறை அப்படி நிறுத்தியிருக்கிறது என்று கணக்கில்லை.

1993-ம் ஆண்டு ஒரு நாள் வாசல் கூட்டும்போது சிமிந்திப் படியில் சொட்டுச் சொட்டாக இரத்தம் கிடந்தது. பருவம் வந்திருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பொட்டை நாய்க்கு ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை வருவதுதானே. ஆனால் அது இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிட வேண்டும். செம்பிக்கு நிற்கவில்லை. எந்நேரமும் பின்பக்கத்தை நக்கிக்கொண்டே கிடந்தது. “ரத்தம் சிந்துற நாய வீட்டுக்குள்ள விடாதே” என்று என் மாமியார் வெளியே கட்டச் சொன்னார். யாரிடம் போய்ச் சொல்வது? மறைவிடத்து நோய், சொல்லவே வெட்கம். அந்த வெட்கத்தால்தான் நாட்கள் ஓடின. பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

என் மகனுக்கு அப்போது பத்து வயது. அவன்தான் முதலில் பார்த்தான். “அம்மா, செம்பிக்கு உள்ளேருந்து சதை தொங்குதும்மா” என்று ஓடி வந்தான். பூக்கோசு போல, சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும் சதை.

அந்த மாதம் நாய் சுடுகிறவர்கள் வரப்போவதாகத் தோட்டத்தில் பேச்சு. புண் உள்ள நாய்தான் முதலில் போகும். பயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். பால் உறைய வைக்கிற ஆசிட்டை இரண்டு சொட்டு விட்டால் சதை கருகி விழுந்துவிடும் என்றார் ஒருவர். என் வீட்டுக்காரர் சின்னப் போத்தலில் அதைக் கொண்டுவந்தும் விட்டார். மகன் செம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவன் பிடிவாதத்தை இன்று நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. உயிருள்ள சதையில் ஆசிட் விட்டிருந்தால் அது என்ன பாடுபட்டிருக்கும்!

மறுநாள் மோட்டார் சைக்கிளில் மரப்பெட்டி கட்டி, பட்டணத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். நானும் பின்னால் பஸ்ஸில் போனேன். டாக்டர் கையுறை போட்டுப் பார்த்தார். கொஞ்சம் கசிவை எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்துவிட்டு, “இது ஒரு வகைப் புற்றுநோய்தாம்மா. ஆனா பயப்படாதீங்க, பெரும்பாலும் ஊசியிலேயே கரைஞ்சிடும்” என்றார். புற்றுநோய் என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. மீதியை என் வீட்டுக்காரர்தான் கேட்டுவந்து சொன்னார்.

இது நாய் இணைசேரும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற புற்றுநோய். கிருமி அல்ல, அந்தப் புற்றின் உயிரணுவே போய் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. நமக்குப் புரியும்படி சொல்வதென்றால், ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறோமே, அதுபோல. ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரம் எந்தத் தோட்டத்தில் நின்றாலும் அது ஒரே தாய்மரத்தின் ஒட்டுதானே? இந்த நோயும் அப்படியே. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய புற்றுதான் இன்று உலகமெங்கும் தெரு நாய்களிடம் ஒட்டி ஒட்டி வாழ்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆண் நாய்க்கும் வரும். முகர்வதாலும் நக்குவதாலும் மூக்கில் வந்து, மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகுவதும் உண்டு. மனிதருக்கு ஒட்டாது. பிள்ளைகளைப் பற்றி அந்தப் பயம் வேண்டாம்.

ஊசியின் பெயர் வின்கிரிஸ்டின். வாரம் ஒன்று. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் வாசலில் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அந்தச் செடியிலிருந்துதான்! 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபல், சார்லஸ் பீர் என்ற இருவர் அதன் இலை சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று ஆராயப் போய், அது இரத்த வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்தவைதான் இந்த மருந்துகள். இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கும் இதே வின்கிரிஸ்டினைத்தான் கொடுக்கிறார்கள். என் மாமியார் அந்தச் செடியைச் ‘சுடுகாட்டு மல்லி’ என்று சொல்லி இரண்டு முறை பிடுங்கி எறிந்திருக்கிறார்.

ஆனால் ஒன்று. செடி இருக்கிறதே என்று இலையைக் கொதிக்க வைத்து நாய்க்கோ மனிதருக்கோ கொடுத்துவிடாதீர்கள். அது விஷம். மூட்டை மூட்டையாக இலையைச் சுத்திகரித்துத்தான் துளி மருந்து எடுக்கிறார்கள். ஊசியும் இரத்தக் குழாய்க்குள்ளேயே போகவேண்டும். வெளியே கசிந்தால் சதை அழுகும். டாக்டர் ஒவ்வொரு முறையும் இரத்தம் சோதித்த பிறகே போட்டார். ஊசி போட்ட ஓரிரு நாள் அதன் மூத்திரத்தையும் மலத்தையும் வெறுங்கையால் தொடக்கூடாது, பிள்ளைத்தாய்ச்சிகள் கிட்டவே போகக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

முதல் ஊசிக்கு இரண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தது. இரண்டாவது ஊசிக்கு இரத்தம் நின்றது. ஆறாவது ஊசியோடு சதை இருந்த இடமே தெரியவில்லை. நான் சேர்த்து வைத்த சீட்டுப் பணம் கரைந்தது உண்மை. “மனுசனுக்கே வைத்தியம் பாக்க வழியில்ல” என்று முணுமுணுத்த மாமியார்தான், செம்பி மறுபடி வாலாட்டிக்கொண்டு நிரைக்குக் கிளம்பிய காலையில் அதற்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றினார்.

கருத்தடை செய்துவிடுங்கள் என்று டாக்டர் அப்போதே சொன்னார். பாவம் என்று விட்டுவிட்டோம். 2000-ம் ஆண்டில், செம்பிக்குப் பத்து வயதானபோது, பின்கால் பக்கத்துக் காம்பின் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பொட்டை நாய்க்கு மார்புக் கட்டி அதிகம் வருவது அந்தக் கடைசிக் காம்புகளில்தான். அதில் ஏறக்குறைய பாதி சாதாரணக் கட்டி, பாதி புற்று. பூனைக்கென்றால் பெரும்பாலும் புற்றுதான். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு இது வருவது மிக அபூர்வம். மூன்று வயதான செம்பிக்கு அவ்வளவு பலன் கிடைத்திருக்காது என்றாலும், என் மனம் இன்னும் அதையே சொல்லிக் குத்துகிறது. இந்த முறை ஒரே வாரத்தில் டாக்டரிடம் போனோம். அறுத்து எடுத்தார். ஆறு மாதம் நன்றாக இருந்தது. பிறகு இருமல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் நுரையீரலுக்குப் போயிருந்தது.

“இனி அதுக்கு வலி இல்லாமப் பாத்துக்கலாம், அவ்வளவுதான்” என்றார் டாக்டர். பார்த்துக்கொண்டோம். வலி மாத்திரையைக் கருவாட்டுத் துண்டுக்குள் வைத்துக் கொடுப்பேன். மாமியார் கஞ்சியை விரலில் தொட்டு நாக்கில் தடவுவார். எப்போது போதும் என்று முடிவு செய்வது என்பதுதான் எங்களை வதைத்தது. படுத்தால் மூச்சு முட்டி, இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்க ஆரம்பித்தபோது, வளர்ந்துவிட்ட என் மகன்தான், “போதும்மா, அது தூங்கட்டும்” என்றான். சின்ன வயதில் விடமாட்டேன் என்று கட்டிப் பிடித்த அதே கை, கடைசி ஊசி போடும்போது அதன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் விடியற்காலையில் நான் தனியாக நிரைக்குப் போனேன். ஒவ்வொரு மரத்தடியிலும் டார்ச் அடித்துப் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியை வைத்தேன்.