ஊருணியும் ஊர்தியும்

நூறு வீடுகள் உள்ள ஓர் ஊரில் வீட்டுக்கு ஒரு குளம் வெட்டத் தொடங்கினால், குளங்களே ஊராகிவிடும். குடியிருக்க இடம் இராது. ஆகவே ஊரார் ஒன்றுகூடி நடுவே ஓர் ஊருணியை அமைத்தனர். அதன் நீரை அனைவரும் முகந்தனர். அதன் கரையை அனைவரும் காத்தனர். நீரைப் பற்றி முன்னோர் கண்ட இவ்வுண்மையை, ஊர்தியைப் பற்றி மேலைநாட்டு நகரங்கள் சில கண்டுள்ளன. பலர் கூடிச் சில மகிழுந்துகளைப் பொதுவில் பயன்படுத்தும் முறையே அது. அம்முறையால் தனிமனிதர்க்குப் பணம் மிஞ்சுதல் உண்மையே; ஆயினும் அதனினும் மேலான பயன், ஊர் தன் தெருவைத் திரும்பப் பெறுதலாகும்.

தனி ஒருவர்க்கு உரிய மகிழுந்து ஒரு நாளில் ஓடும் நேரம் மிகச் சிறிது. பெரும்பாலான வண்டிகள் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 23 மணி நேரம் நின்றபடியே இருக்கின்றன. ஓடாத வண்டியால் ஒருவர்க்கும் பயனில்லை. எனினும் அதற்கும் இடம் வேண்டும். ஒரு மகிழுந்து நிற்பதற்கு ஏறத்தாழ 12 சதுர மீட்டர் நிலம் தேவை. அஃது ஒரு சிறு அறையின் பரப்பாகும். தெருவோரத்தில் உள்ள அந்நிலம் யாருடையது? ஊரார் அனைவருடையதும் அன்றோ? வண்டி இல்லாதவரும் வரி செலுத்தி அமைத்த தெருவன்றோ அது? வண்டிகள் பெருகப் பெருகக் குழந்தைகள் ஆடும் இடமும் முதியோர் நடக்கும் இடமும் சுருங்கிக்கொண்டே போகின்றன.

இதற்கு மாற்று வழி நெடுநாள்களுக்கு முன்பே தோன்றியது. சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிக் நகரில், 1948ஆம் ஆண்டிலேயே, தனித்தனியே வண்டி வாங்கும் ஆற்றல் இல்லாதோர் சிலர் கூட்டுறவு முறையில் வண்டியைப் பகிர்ந்துகொண்டனர். பின்னர், 1987ஆம் ஆண்டில், அந்நாட்டில் இரு கூட்டுறவுச் சங்கங்கள் இந்நோக்கத்துடன் எழுந்தன. அவை 1997ஆம் ஆண்டில் ஒன்றாய் இணைந்து, ‘மொபிலிட்டி’ என்னும் பெயருடன் நாடெங்கும் பரவின. வறுமையால் தோன்றிய வழி, வளம் பெருகிய பின்னும் மறையாது வளர்ந்தமை எண்ணத்தக்கது.

இம்முறை நடைபெறும் விதம் எளியது. ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒருவர் சங்கத்திலோ நிறுவனத்திலோ உறுப்பினராகிறார். வண்டி வேண்டும்போது தொலைபேசி வாயிலாக நேரத்தைக் குறித்துப் பதிவு செய்கிறார். அருகிலுள்ள நிலையத்திற்கு நடந்து சென்று, தமக்கு வழங்கப்பட்ட அட்டையைக் கொண்டு கதவைத் திறந்து, வண்டியை ஓட்டிச் செல்கிறார். பணி முடிந்ததும் அதனை அவ்விடத்திலேயே கொணர்ந்து நிறுத்துகிறார். சென்ற தொலைவுக்கும் கழிந்த நேரத்திற்கும் ஏற்ப அவர் கட்டணம் செலுத்துவார். பழுது பார்த்தலும் காப்பீடும் நிறுவனத்தின் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் செலவு கண்ணெதிரே தோன்றுவதால், குறுகிய தொலைவுக்கு வண்டியை நாடாது நடந்தும், மிதிவண்டியிலும் பேருந்திலும் செல்லும் பழக்கம் தானே வளர்கின்றது.

நகராட்சி இதில் கொள்ளத்தக்க பங்கினை ஜெர்மனி நாட்டின் பிரேமன் நகரம் நன்கு காட்டுகின்றது. வேசர் ஆற்றங்கரையில் அமைந்த அப்பழைய நகரின் தெருக்கள் பல, மகிழுந்து தோன்றுவதற்கு முன்னரே அமைந்தவை, ஆதலின் குறுகலானவை. இருமருங்கிலும் வண்டிகள் நிறைந்தன; இடமில்லாதவை தெருமுனைகளையும் அடைத்துக்கொண்டன. குப்பை அள்ளும் வண்டி திரும்ப இயலாமல் திகைத்தது. அது மறுநாள் வந்தாலும் கேடில்லை. தீயணைப்பு வண்டி மறுநாள் வரலாகுமோ? ஒரு வீடு எரியும்போது, தெருமுனையில் நிற்கும் ஒரு வண்டி உயிர்க்கே பகையாகிவிடும்.

அந்நகராட்சி 2003ஆம் ஆண்டு முதல் தெருவோரங்களில் பகிர்வு வண்டிகளுக்கென நிலையங்களை அமைக்கலாயிற்று. பின்னர்க் குறுகிய தெருக்களிலும் இரண்டு மூன்று வண்டிகளே நிற்கும் சிறு நிலையங்களை நிறுவியது. அவற்றை அமைக்கும்போதே தெருமுனையில் பிற வண்டிகள் நில்லாதவாறு நடைபாதையை நீட்டி, மிதிவண்டி நிறுத்தவும் இடம் செய்தது. வழி திறந்தது. அந்நகராட்சி 2009ஆம் ஆண்டில், 2020ஆம் ஆண்டிற்குள் 20,000 பேரை இம்முறையில் சேர்ப்பதென ஒரு திட்டமும் வகுத்தது. சிறிதளவு நிலத்தைப் பொதுவண்டிக்கு ஒதுக்கிப் பேரளவு நிலத்தை மீட்பதே அதன் கருத்தாகும்.

நகராட்சி தன் அலுவலுக்கும் இம்முறையைப் பயன்கொள்ளலாம். இலண்டன் மாநகரின் தென்பகுதியிலுள்ள குராய்டன் நகராட்சி, 2010ஆம் ஆண்டில், தன் அலுவலர்களின் பயணத்திற்குப் பகிர்வு வண்டிகளை அமர்த்தியது. வேலை நேரத்தில் அலுவலர் ஓட்டிய வண்டியை, மாலையிலும் விடுமுறை நாளிலும் அவ்வூர் மக்கள் ஓட்டினர். ஒரே வண்டி ஆட்சிக்கும் குடிகளுக்கும் உதவிற்று; ஊர்ப்பணமும் வீணாகவில்லை.

எனினும் நன்முறை என்ற ஒன்றே வெற்றிக்குப் போதாது. பாரிசு மாநகரமும் அதன் அண்டை நகராட்சிகளும் சேர்ந்து, 2011ஆம் ஆண்டில், மின்னாற்றலால் ஓடும் பகிர்வு வண்டிகளைப் பெரிய அளவில் இயக்கச் செய்தன. முதலில் மக்கள் ஆர்வமுடன் சேர்ந்தனர். ஆனால் வரவினும் செலவு மிகுந்தது. இழப்பை யார் ஏற்பது என்ற பூசல் எழுந்தது. 2018ஆம் ஆண்டில் அத்திட்டமே நின்றது. வண்டிகள் பல அழுக்கடைந்து கிடந்தன என்ற குறையும் அதன்பால் இருந்தது. வரவு செலவை முன்னரே கணக்கிடாத ஆட்சியும், பொதுப்பொருளைத் தம் பொருள்போற் பேணாத மக்களும் எத்துணை நல்ல திட்டத்தையும் கெடுத்துவிடுவர் என்பதற்கு இது சான்று.

ஊருணியில் ஒருவர் அழுக்கைக் கலந்தால் ஊரே அந்நீரை இழக்கும். அவ்வாறே, குறித்த நேரத்தில் வண்டியைத் திருப்பித் தாராத ஒருவர், மருத்துவமனைக்குச் செல்லக் காத்திருக்கும் மற்றொருவரின் வழியை மறிக்கின்றார். உள்ளே குப்பையை விட்டுச் செல்பவர், முகமறியா அடுத்தவர்க்குத் தீங்கு செய்கின்றார். சட்டம் இயற்றி, இடம் ஒதுக்கி, கணக்கைக் காத்தல் நகராட்சியின் கடமை. காலம் தவறாமையும் தூய்மையும் குடிமக்களின் கடமை. இவ்விரண்டும் இணையும் ஊரில் வண்டிகள் குறையும், வழிகள் விரியும், தெரு மீண்டும் ஊரார் அனைவர்க்கும் உரியதாகும்.