வறண்ட கண்ணுக்கு ஒரு சன்னல்

நிழற்படம் எடுப்பதை ஓய்வுநேரக் கலையாய்க் கொண்டோர்க்கு என்றேனும் ஒரு வறட்சிக் காலம் வருவதுண்டு. கருவி பழுதின்றி இருக்கும், கைப்பழக்கமும் குன்றியிராது, ஆயினும் எதைக் கண்டாலும் படமெடுக்கும் ஆவல் எழாது. வீணை மீட்டுவோரும் கவிதை புனைவோரும் இந்நிலையை நன்கறிவர்.

குருமாணவனாய் இருந்த நாள்களில் இரவல் காமிராவில் தொடங்கியது என் பழக்கம். அந்நாளில் ஒரு பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்கலாம். சுருளின் விலையையும், கழுவிப் பிரதியெடுக்கும் செலவையும் எண்ணி, ஒவ்வொரு படத்திற்கும் முன் நெடுநேரம் நோக்கி நிற்போம். மழை ஓய்ந்தபின் கல்தூண் கறுத்து மின்னுவதே அன்று என்னைக் கட்டி நிறுத்தப் போதுமானதாயிருந்தது. இன்றோ டிஜிட்டல் கருவியில் ஒரே மாலையில் முந்நூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன. ஐம்பது வயதைக் கடந்தபின், அவற்றுள் ஒன்றையேனும் மறுமுறை பார்க்கும் விருப்பம் எனக்கு எழவில்லை. திருவிழாத் தேரும் ஆற்றங்கரையும் அலுத்துப்போயின. பல மாதங்கள் காமிரா உறைக்குள்ளேயே கிடந்தது. இழந்தது பொழுதுபோக்கு மட்டுந்தானா? மனிதரையும் பொருள்களையும் நின்று நோக்கும் குணமே என்னைவிட்டு அகல்கிறதோ என்னும் அச்சம் என்னை வாட்டிற்று.

அவ்வேளையில் இரு கலைஞர்தம் வரலாறு எனக்குத் துணை நின்றது. ஒருவர் செக் நாட்டவரான ஜோசப் சூடெக் (1896-1976). புத்தக பைண்டிங் தொழில் பயின்ற இவர், முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தார். பின்னர் நிழற்படக் கலையை மேற்கொண்டார். பிராக் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில், 1940ஆம் ஆண்டு, தம் படக்கூடத்துச் சன்னலைப் படமெடுக்கத் தொடங்கினார். 1954 வரை அதே சன்னல்! கண்ணாடியில் படிந்த நீர்த்திவலை, உறைபனி, அப்பால் முற்றத்தில் முறுக்கேறி நின்ற மரம் ஆகியவற்றையே அவர் திரும்பத் திரும்ப நோக்கினார்.

மற்றவர் ஹங்கேரியில் பிறந்து, 1936இல் நியூயார்க் சென்று வாழ்ந்த ஆந்த்ரே கெர்த்தேஸ் (1894-1985). 1977இல் இவர்தம் துணைவியார் எலிசபெத் மறைந்தார். எண்பது வயதைக் கடந்த முதியவரைத் தனிமை சூழ்ந்தது. ஒரு கடையில் கண்ட கண்ணாடி மார்பளவுச் சிலை, கழுத்தின் வளைவால் மனைவியை நினைவூட்டவே, அதை வாங்கிவந்து சன்னலோரம் வைத்தார். உடனுக்குடன் படம் தரும் போலராய்டு காமிராவால், அச்சிலையினூடே ஒளி புகுந்து நிறம் மாறுவதைப் படமாக்கினார். அப்படங்கள், ‘என் சன்னலிலிருந்து’ எனப் பொருள்படும் தலைப்பில், 1981இல் நூலாக வெளிவந்தன.

இவர்களிடம் நான் கற்றது ஒன்றே. உள்ளத்தின் எழுச்சி பார்வைக்கு முன்னே வருவதன்று. பார்வையைத் தொடர்ந்து வருவது. புதுக்காட்சி தேடி ஓடுவதைவிட, பழகிய காட்சியின்முன் பொறுமையோடு நிற்பதே மருந்து.

நானும் எனக்கோர் எல்லை வகுத்தேன். என் அறைச் சன்னல், அதற்கப்பால் உள்ள கிணற்றடி, ஒரு மாதத்திற்கு 36 படங்கள், அவ்வளவே. முதல் பத்து நாள்களில் ஒன்றும் தேறவில்லை. பின்னர், இராட்டினத்தின் நிழல் காலையில் சுவரேறி வருவது கண்ணிற் பட்டது. முற்றம் பெருக்க வரும் மூதாட்டி, வேலை முடிந்ததும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, ஒரு கணம் வானத்தை நோக்குவதும் கண்ணிற் பட்டது. காமிராவை நான் உயர்த்தவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். மாத முடிவில் தேறிய படங்கள் மூன்றே. ஆயினும் அச்சம் நீங்கிற்று.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் தூசி படிந்த ஆர்மோனியமோ, பாதியில் நின்ற பூவேலைத் துணியோ இருக்கலாம். அதனை ஒதுக்கிவிட வேண்டா. சிறியதோர் எல்லை வகுத்து, நாள்தோறும் அதன்முன் சற்று நேரம் அமருங்கள். ஆவல் பிந்தி வந்தாலும் வந்து சேரும்.