கூலி பெறும் தகுதி



நம் திருச்சபை வாலிபரில் ஒருவர் சில ஆண்டுகளாகக் கேமராவும் கையுமாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஞானஸ்நான ஆராதனையிலும் அறுப்பின் பண்டிகையிலும் அவர் எடுத்த படங்கள் உங்களில் பலருடைய வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. இதுவரை எவரிடமும் அவர் பணம் பெற்றதில்லை. இப்போது வெளியூர்க் குடும்பம் ஒன்று மகளின் திருமணத்திற்கு அவரை அழைத்து, எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டிருக்கிறது. "பணம் வாங்க எனக்குத் தகுதி வந்துவிட்டதா, ஐயா?" என்று என்னிடம் வந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

புகைப்படக் கலையை நான் முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் 25 ஆண்டுகளாகத் திருமணங்களை நடத்திவருகிறேன். படம் பிடிப்பவரின் வேலையைப் போதகரைப்போல் அருகில் நின்று பார்ப்பவர் வேறு எவருமில்லை. (ஆசீர்வாதம் கூறி இறக்கிய கையை, "இன்னொரு முறை உயர்த்துங்கள் ஐயா" என்று கேட்டவர்களும் உண்டு.)

அழகான படம் ஒன்று மட்டும் தகுதிக்குச் சான்றாகாது. நூறு எடுத்தால் ஒன்று எவருக்கும் நன்றாக அமைந்துவிடும். தாலி கட்டும் நேரமோ சில விநாடிகளே. ஆலயத்தினுள் வெளிச்சம் மங்கலாயிருக்கும். மணமகளின் வெண்பட்டும் மணமகனின் கறுப்புக் கோட்டும் ஒரே படத்தில் தெளிவாக விழவேண்டும். பின்னால் ஜன்னலொளி கண்ணைக் கூசும். உறவினர் கைப்பேசிகளோடு குறுக்கே நிற்பார்கள். ஃபிளாஷ் வேண்டாமென்று போதகர் சொல்லிவிட்டால், ஐஎஸ்ஓவை உயர்த்தி, லென்ஸின் துவாரத்தை விரித்து, உருவம் கலங்காத ஷட்டர் வேகத்தைக் காத்துக்கொள்ளத் தெரியுமா? நடுவில் கேமரா பழுதானால் மாற்றுக் கேமரா உண்டா? அன்றிரவே படங்கள் வேறோர் இடத்திலும் பிரதியெடுத்து வைக்கப்படுமா?

நண்பருக்கு இலவசமாக எடுத்த படம் கெட்டுப்போனால் மன்னித்துவிடுவார்கள். பணம் பெற்ற பின்போ, அந்தக் குடும்பம் வேறு எவரையும் அழைக்காமல் இவர் ஒருவரையே நம்பியிருக்கிறது. திருமணத்தைத் திரும்ப நடத்த இயலாது. இந்த நம்பிக்கையைச் சுமக்க ஆயத்தமாகும் நாளே கூலி கேட்கத்தக்க நாள் என்பது என் எண்ணம்.

தம்பியிடம் இவற்றையெல்லாம் கேட்டேன். அனுபவமிக்க ஒருவருக்கு உதவியாளராக ஏற்கெனவே சில திருமணங்களுக்குச் சென்றிருக்கிறார். மாற்றுக் கேமரா மட்டும் இல்லை. அன்று ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பதாகச் சொன்னார். எத்தனை படங்கள், என்று தருவார், ஆல்பம் சேர்த்தா, முன்பணம் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கும்படி கூறினேன். அவருக்கு அது கூச்சமாயிருந்தது. கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்ப்பதைப்பற்றி ஆண்டவரே பேசியிருக்கிறாரே (லூக்கா 14:28). படம் பிடிப்பது ஒரு நாள். அவற்றைத் தெரிந்தெடுத்துச் சீர்செய்வதற்குப் பல இரவுகள் பிடிக்கும். அந்த இரவுகளுக்கும் விலை உண்டு.

இனி உங்களோடு ஒரு வார்த்தை. "சபைப் பிள்ளைதானே, அவனுக்கு எதற்குப் பணம்?" என்ற பேச்சு என் காதில் விழுந்தது. கூலி கொடாமல் வேலை வாங்கி அரண்மனை கட்டிய யோயாக்கீம் ராஜாவை எரேமியா எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை 22ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். சுவிசேஷத்தை இலவசமாக அறிவித்தார். ஆனால் 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் பிழைப்புக்கான தம் உரிமையை முதலில் நிலைநாட்டிவிட்டு, பின்னரே அதைத் தாமாக விட்டுக்கொடுக்கிறார். கொரிந்தியர் அதை அவரிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை.

ஞானஸ்நானப் படங்களைத் தொடர்ந்து இலவசமாகவே எடுப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். அது அவர் மனமுவந்து தரும் காணிக்கை. உங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்திற்கோ புதுவீடு பிரதிஷ்டைக்கோ அவரை அழைப்பீர்களானால், தேதியைச் சொல்லுமுன் தொகையைக் கேளுங்கள். அவர் தயங்கித் தயங்கிச் சொல்லும் தொகையில் பேரம் பேசாதிருங்கள்.

வெளியூர்க் குடும்பத்திற்குச் சம்மதம் தெரிவித்துவிட்டார். திருமணம் அடுத்த மாதம், ஒரு சனிக்கிழமை. அன்று வாலிபர் கூட்டத்தில் கிட்டார் வாசிக்க வேறொருவரை ஆயத்தப்படுத்த வேண்டும்.