முருகைக்கல்லின் நஞ்சு: புறாத்தீவில் கண்டதும் அறிந்ததும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் சென்றால் நிலாவெளி. அங்கே கரையில் நின்று பார்த்தால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில், பாறையும் பற்றையுமாய் ஒரு சிறு தீவு தெரியும். மாடப்புறாக்கள் அதன் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் அதற்குப் புறாத்தீவு என்று பெயர். 1963 ஆம் ஆண்டு சரணாலயமாகவும் 2003 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் அது பிரகடனப்படுத்தப்பட்டது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமே அதற்குப் பொறுப்பு.

போர் நடந்த காலத்தில் எங்களில் பலருக்கு நிலாவெளி பெயரளவில் மட்டுமே தெரிந்த ஊர். எங்கள் மாதர் சங்கத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் ஓர் ஆவணி மாதக் காலையில் அங்கு போனோம். சிலர் மன்னார்க் கரையில் மட்டி பொறுக்கிப் பிழைப்பவர்கள். சிலர் முல்லைத்தீவில் கருவாடு போடுகிறவர்கள். கடலோடு வாழ்ந்தும், கடலை வெறுமனே பார்ப்பதற்கென்று போனது எல்லோருக்கும் அதுவே முதல் தடவை. வாடைக்காற்று தொடங்கினால் அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும் என்பதால்தான் ஆவணியைத் தெரிந்தெடுத்தோம்.

தீவை நெருங்கியதும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. கீழே மான்கொம்பு போலக் கிளைவிட்டவை, மேசைபோல் விரிந்தவை, உருண்டைக் கற்கள் போன்றவை என்று கபில நிறத்திலும் மஞ்சளிலும் ஊதாவிலும் முருகைகள் பரந்து கிடந்தன. அவற்றுக்கிடையே வண்ண மீன்கள் ஓடித் திரிந்தன.

"அக்கா, இறங்கினாலும் கல்லில கால் வைக்காதேங்கோ. அதுக்கும் கூடாது, உங்களுக்கும் கூடாது" என்றார் படகோட்டி.

கரையில் கால் வைத்தபோது மணலுக்குப் பதிலாக முருகைத் துண்டுகளே குவிந்திருந்தன. விரல் விரலாய் வெளுத்துக் கிடந்த அவை செத்த முருகைகளின் எலும்பு என்று சொல்லலாம்.

முருகைக்கல்லைக் கல் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். வீடு கட்டவும், சுண்ணாம்பு சுடவும் எங்கள் பாட்டன்மார் அதைப் பயன்படுத்தினார்கள். உண்மையில் அது ஆயிரக்கணக்கான சிறு விலங்குகள் சேர்ந்து கட்டிய வீடு. அந்த விலங்கைப் பொலிப்பு என்பார்கள். பெரும்பாலானவை சில மில்லிமீற்றர் அளவுதான். ஒரு சிறு பை, அதன் வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள், அவ்வளவே. கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துத் தன் காலடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டி அதற்குள் இருக்கும். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிகள் வெயிலில் உணவு தயாரித்து அதற்கும் கொடுக்கின்றன. முருகையின் நிறத்துக்குப் பெரும்பங்கு காரணம் இந்தப் பாசிதான்.

இழுதுமீனும் கடற்சாமந்தியும் முருகையும் ஒரே குடும்பம். இழுதுமீன் பட்டால் எரியும் என்பது கடற்கரைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அதே ஆயுதம் முருகையிடமும் இருக்கிறது. அதன் உணர்கொம்புகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு உறை. உறைக்குள் நஞ்சும், சுருட்டி வைத்த நூல் போன்ற ஒரு குழாயும் இருக்கும். ஏதாவது முட்டினால் உறை வெடித்து அந்த நூல் ஈட்டிபோல் பாயும். முருகையின் உறவினமான ஹைத்திராவில் 2006 ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் இதை அளந்தார்கள். ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு கூறுக்கும் குறைவான நேரத்தில் ஈட்டி வெளியே வந்துவிடுகிறது.

இந்த நஞ்சு ஒரே பொருள் அல்ல. பல புரதங்களின் கலவை. சில புரதங்கள் எதிரியின் கலமென்சவ்வில் துளை போட்டு அதை உடைக்கும். சில கலமென்சவ்வின் கொழுப்பைக் கரைக்கும். சில நரம்பைத் தாக்கும். மான்கொம்பு முருகையின் இனமொன்றிலிருந்து எடுத்த சிறு புரதங்கள் மீன்குஞ்சுகளை முடக்கின என்று 2015 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கோனியோபோரா என்ற முருகையின் நஞ்சை யப்பானிய விஞ்ஞானிகள் அதற்கும் முன்பே பிரித்தெடுத்திருந்தனர். நரம்புக் கலத்திலும் இதயத் தசையிலும் சோடியம் நுழைவதற்குச் சிறு வாயில்கள் உண்டு. அவை திறந்த கணத்திலேயே மூடவேண்டும். இந்த நஞ்சு பட்டால் அவை மூடப் பிந்துகின்றன. அதனால் நரம்பு அடங்காமல் துடிக்கிறது, இதயம் பலமாகச் சுருங்குகிறது. அந்த வாயில்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்வதற்கும் இதே நஞ்சு உதவியது.

அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் பிராணிக்கு இவ்வளவு நஞ்சு எதற்கு? இரை பிடிக்க ஒரு பங்கு. மற்றது இடத்துக்கு. பாரில் வெயில் படும் இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். பக்கத்தில் வேறு இன முருகை வளர்ந்து வந்தால் சில முருகைகள் தம் வயிற்று இழைகளை வெளியே விட்டு அயலைச் செரித்துவிடும். ஜூடித் லாங் என்ற பெண் விஞ்ஞானி யமெய்க்காக் கடலில் இதைக் கண்டு 1970களின் தொடக்கத்தில் எழுதினார். வேறு சில முருகைகள் வழமையான உணர்கொம்பைவிடப் பல மடங்கு நீளமான கொம்புகளை வளர்த்து, இரவில் சுற்றிலும் துழாவும். பகலில் நாங்கள் பார்த்த அமைதியான தோட்டத்தில் இரவானால் எல்லைச் சண்டை நடக்கிறது. இடம் பறிபோவது என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அன்று இதைப் பேசியபோது எல்லோரும் சிறிது நேரம் மௌனமாகவே இருந்தோம்.

பெரும்பாலான கல்முருகைகளின் ஈட்டி மனிதத் தோலைத் துளைக்கும் பலமற்றது. ஆனால் அதன் கிண்ண விளிம்புகள் கத்திபோல் கூர்மையானவை. காலில் வெட்டும்போது காயத்துக்குள் சுண்ணாம்புத் துகளும், முருகையின் தசையும், கொட்டும் கலங்களும், கடல் கிருமிகளும் ஒன்றாகப் போய்விடுகின்றன. அதனால்தான் சிறு கீறலும் சிவந்து வீங்கி, கடித்து, வாரக்கணக்கில் ஆறாமல் கிடக்கிறது. எங்களோடு வந்த மன்னார் அக்கா ஒருவருக்குச் சீனி வருத்தம். மட்டி பொறுக்கப் போன இடத்தில் வெட்டிய காயம் இரண்டு மாதமாக ஆறவில்லை என்று தழும்பைக் காட்டினார். அதற்குக் கோப்பித்தூள் வைத்துக் கட்டினாராம்.

நெருப்பு முருகை என்று ஒன்றும் உண்டு. அது உண்மையான கல்முருகை இனமல்ல, ஆனால் அதுவும் சுண்ணாம்பு கட்டிப் பாரில் வளரும். கடுகு நிறத்தில், வெள்ளை நுனியோடு இருக்கும். தொட்டால் நெருப்புச் சுட்டது போல் எரியும்.

ஆகவே கடலில் இறங்கும் சகோதரிகள் சிலவற்றை மனதில் வைத்திருப்பது நல்லது. வற்றுக் காலத்தில் பாரில் நடப்பதானால் தடித்த அடியுள்ள சப்பாத்து போடுங்கள். எரிவு இருந்தால் முதலில் கடல்நீரால் கழுவி, அதன்மேல் வினாகிரி விடுங்கள். நல்ல தண்ணீரை முதலில் ஊற்றினால் வெடிக்காமல் மிஞ்சியிருக்கும் உறைகளும் வெடிக்கலாம். தேய்க்கவும் கூடாது. வெட்டுக் காயமானால், எரிவுக்குச் செய்ததன் பிறகு சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, தெரியும் துகள்களை எடுத்துவிடுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ஏற்புவலித் தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதென்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயம் வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்க வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் சிறு கீறலானாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

முருகையிடமிருந்து நாம் தப்ப வழியுண்டு. நம்மிடமிருந்து முருகை தப்புவதுதான் கடினம். அதன் நஞ்சு அலவாங்குக்கு முன் எடுபடாது. தென்கரையில் சுண்ணாம்புக்காகவும் வேறு தேவைகளுக்காகவும் நெடுங்காலம் முருகை உடைத்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின் அங்கு சென்று அளந்த ஆய்வாளர்கள் 2005 இல் எழுதியது இது: முருகை அகற்றப்பட்டிருந்த பெரலியவில் அலை ஏறத்தாழ 10 மீற்றர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போனது. புகையிரதம் அள்ளுண்டதும் அங்கேதான். சில கிலோமீற்றர் தள்ளி, பார் காப்பாற்றப்பட்ட ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர். 50 மீற்றர் அளவே உள்ளே வந்தது. கரையோர வலயத்தில் முருகை உடைப்பதையும், எடுப்பதையும், சுடுவதையும் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடைசெய்திருக்கிறது.

கடற்சூட்டுக்கும் நஞ்சு மருந்தல்ல. தண்ணீர் வழமையான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடி, சில வாரம் நீடித்தாலே பாசிகள் வெளியேறி முருகை வெளுத்துவிடும். 1998 இல் இலங்கையின் பல பார்கள் அப்படி அழிந்தன. திருகோணமலைப் பக்கம் அப்போது பெரும்பாலும் தப்பியது.

பிற்பகல் திரும்பும்போது ஒரு தங்கச்சி அழகான முருகைத் துண்டொன்றை மடியில் வைத்திருந்தாள். "பிள்ளைக்கு விளையாடக் கொண்டுபோறன் அக்கா" என்றாள். பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று படகோட்டி சொன்னதும், எழும்பிப் போய்ப் படகின் ஓரத்தால் அதை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டாள். பிள்ளைக்கு அவள் கொண்டுபோனது, வீடு போகும்வரை பேருந்தில் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த கதைகளைத்தான்.