கிரெடிட் என்றொரு சொல்

'கிரெடிட்' என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறோம்! "அக்கவுண்ட்ல பணம் கிரெடிட் ஆயிடுச்சு" என்கிறோம். கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு 4 கிரெடிட் என்கிறார்கள். வேலையை ஒருவன் செய்வான், கிரெடிட்டை இன்னொருவன் தட்டிக்கொண்டு போவான். போதாக்குறைக்கு கிரெடிட் கார்டு வேறு. வரவு, மதிப்பு, பாராட்டு, கடன்... ஒரே சொல்லுக்கு இத்தனை பொருளா?

வேர் ஒன்றுதான் நண்பர்களே. லத்தீனில் 'கிரெடோ' என்றால் 'நம்புகிறேன்'. நம்பி ஒப்படைத்த பொருள் 'கிரெடிட்டம்'.

பி.காம் முதலாண்டில் ஒரு விதியை மனப்பாடம் செய்வோம்: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. நாம் வங்கியில் 1000 ரூபாய் போட்டால், வங்கியின் கணக்கில் தருபவர் நாம். அதனால்தான் பாஸ்புக்கில் அது கிரெடிட். அதாவது வங்கிதான் நமக்குக் கடன்பட்டிருக்கிறது. நம்பியவர் நாம்!

இதன் ஜோடியான 'டெபிட்'டும் சுவாரஸ்யமானது. கடனைக் குறிக்கும் 'டெட்', கடமையைக் குறிக்கும் 'ட்யூட்டி' எல்லாம் அதே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. தமிழிலும் கடன், கடமை இரண்டும் உறவுக்காரர்கள்தானே? காலைக்கடன் என்று சொல்கிறோமே, அதில் வட்டியா இருக்கிறது?

எங்கள் தெரு மளிகைக் கடையில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று போர்டு தொங்கும். அதற்குக் கீழேயே அம்மா பெயரில் ஒரு நோட்டு இருக்கும். மாதம் 5ஆம் தேதி அம்மா பாக்கியைத் தீர்த்துவிடுவார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

தையல் மெஷினுக்கு மோட்டாரும் ஓவர்லாக் மெஷினும் வாங்க அம்மா ஒரு வங்கியில் கடன் கேட்டார். சிபில் ஸ்கோர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 300 முதல் 900 வரை போகும் எண் அது. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ இதுவரை கடனே வாங்காதவருக்கு அந்த எண்ணே இருக்காது. மளிகைக் கடை நோட்டு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறுவதில்லை.

அதே வங்கியில்தான் அம்மாவுக்கு 12 வருடமாகச் சேமிப்புக் கணக்கு. இத்தனை வருடமும் அம்மா வங்கிக்குக் கிரெடிட் கொடுத்திருக்கிறார், எந்த ஸ்கோரும் கேட்காமல்.

அடுத்த முறை 'கிரெடிட்டட்' என்று உங்கள் செல்போனுக்கு மெசேஜ் வந்தால், யார் யாரை நம்புகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.